பனித்தரை மைந்தர்கள் – 7: குழாயடியில் பிறந்த ஆட்டம்

லடாக்கின் லே நகரத்துக் கார்சூ குளத்தில் பட்டாளத்தார் ஐஸ் ஹாக்கி ஆடியதையும், ஊர்ப் பையன்கள் கரையில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டதையும், பட்டாள பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகட்டை அடித்து ஸ்கேட்டாக்கியதையும் முன்பே சொல்லிவிட்டேன். இந்த வாரம் 2024 ஜனவரியில் அங்கே லீக் தொடங்கிய கதையைச் சொல்வதாக வாக்கு. அதற்குப் போகும் வழியில் ஒரு தண்ணீர்க் குழாய் குறுக்கே நிற்கிறது.

உண்மையில் இரண்டு குழாய்கள். முதலாவது சிம்லாவில். பிளெசிங்டன் என்ற அயர்லாந்துக்காரர் ஒரு குளிர்காலக் காலையில் வீட்டுக்கு வெளியே குழாய்த் தண்ணீர் உறைந்து கிடப்பதைப் பார்த்தாராம். உடனே தன் டென்னிஸ் மைதானத்தில் தண்ணீரைக் கொட்டிவைத்தார். விடிந்தபோது மைதானம் கண்ணாடியாகக் கிடந்தது. 1920இல் சிம்லாவின் ஸ்கேட்டிங் தளம் பிறந்த கதை என்று அந்த ஊரில் இதைத்தான் சொல்கிறார்கள். நல்ல கதை. ஆனால் வெள்ளைக்கார துரையின் பொழுதுபோக்கு அது. எனக்கு மனசு ஒட்டுவது இரண்டாவது குழாயோடுதான்.

அது லடாக்கில், சேவாங் நோர்பெல் கண்ணில் பட்ட குழாய். 1935இல் பிறந்தவர், அரசு ஊரக வளர்ச்சித் துறையில் சிவில் இன்ஜினீயராக இருந்தவர். குளிர்காலத்தில் குழாயை மூடிவைத்தால் உள்ளேயே உறைந்து வெடித்துவிடும் என்பதால் அங்கே திறந்தே விட்டிருப்பார்கள். அப்படி வீணாக ஓடிய தண்ணீர் மரநிழலில் தேங்கிக் கெட்டிப்பட்டிருப்பதை அவர் கவனித்தார். ஓடும் ஓடை உறையவில்லை. மெதுவாகப் பரவி, நிழலில் நின்ற தண்ணீர் உறைந்துவிட்டது. அவ்வளவுதான் சூத்திரம்.

லடாக் விவசாயிக்கு விதைக்கத் தண்ணீர் வேண்டியது ஏப்ரல், மே மாதங்களில். மலை உச்சிப் பனியாறு தாராளமாக உருகுவதோ அதற்குப் பிறகு. ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் அளவுக்கே மழையும் பனியும் காணும் பூமி அது. நோர்பெல் என்ன செய்தார்? குளிர்கால ஓடையை மலையின் நிழல் பக்கம் திருப்பி, கல்லணைகளை அடுக்கி வேகத்தைக் குறைத்து, படலம் படலமாக உறையவிட்டார். உச்சியைவிடத் தாழ்வான இடம் என்பதால் வசந்தத்தில் இது முதலில் உருகும், விதைப்புக்கு உதவும். 1987இல் புக்ட்சே கிராமத்தில் முதல் செயற்கைப் பனியாறு. பத்மஸ்ரீ வந்தது 2015இல்! இவருக்கு அரசாங்கம் மாலை போட இத்தனை வருஷம் ஆனதை நான் மன்னிப்பதாக இல்லை.

ஹாக்கிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பனித்தளம் போடுவதும் இதே வேலைதான். இரவில் குளத்தின் மேல் மெல்லியதாகத் தண்ணீர் விட வேண்டும். அது இறுகிய பிறகே அடுத்த படலம். அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் மேலே தோல் இறுகும், உள்ளே இளகியே கிடக்கும். ஆடுகிறவன் கால் முறியும். கிராமங்களில் பிள்ளைகள் ஆடுவது பெரும்பாலும் ‘ஜிங்’ எனப்படும் பாசனக் குட்டைகளில். கோடையில் அதே குட்டையிலிருந்து பார்லி வயலுக்கு முறை வைத்து நீர் விட ஊரே அமர்த்தும் சுர்பொன் என்ற ஆள் உண்டு. நம் தென்னேரி மதகடியில் நிற்கும் நீர்க்கட்டிக்கு இதை விளக்கவே வேண்டாம்.

லடாக்கில் பள்ளிக்கூடத்தின் நீண்ட விடுமுறை குளிர்காலத்தில்தான். 3,500 மீட்டர் உயரத்தில், குட்டை உறைந்திருக்கும் இரண்டு சொச்சம் மாதத்துக்குள் பிள்ளைகள் கற்றாக வேண்டும். அந்த இரண்டு மாதத்துக்குள்ளும் முறை உண்டு. முதலில் பட்டாளம், பிறகு ஆண்கள் அணிகள். பெண் பிள்ளைகள் கடைமடைக்காரர்கள்: போட்டியெல்லாம் முடிந்து பனி இளகத் தொடங்கும்போது தளம் கிடைக்கும், அதுவும் அண்ணன்மார் கழற்றிப் போட்ட ஸ்கேட்டோடு. 1988இல் தொடங்கிய செக்மோல் அமைப்பு, பே கிராமத்து வளாகத்தில் பெண்களையும் பனியில் இறக்கியது. அதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

அங்கிருந்துதான் 2016இல் தைபே. இந்தியப் பெண்கள் அணிக்கு முதல் சர்வதேசப் போட்டி. பயணச் செலவுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். கோல்கீப்பர் நூர் ஜஹானுக்குத் தொழில் பழைய ஓவியங்களையும் துணிகளையும் சிதையாமல் மீட்டெடுப்பது. தைபேயில் தோல்விதான். மறு வருஷம் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றார்கள். 2018இல் கனடாவின் ஹாக்கி வீராங்கனை ஹேலி விக்கன்ஹைசரே லேவுக்கு வந்து பிள்ளைகளோடு பனியில் இறங்கினார். 2025இல் அல் ஐனில் ஆசியக் கோப்பை வெண்கலம். இதே காலத்தில், 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் கட்டிய குளிரூட்டிய அரங்கம் பல வருஷம் பூட்டிக் கிடந்தது. இந்தத் தொடரில் வில்லன் யார் என்று கேட்ட வாசகர்களுக்கு என் விடை அந்தப் பூட்டு.

இடம் தீர்ந்துவிட்டது, லீக் இன்னும் தொடங்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: அதை நடத்த முன்வந்தது நம் மாவட்டத்து ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் மோட்டார் சைக்கிள் செய்யும் ராயல் என்ஃபீல்டு. புல்லட்காரர்களுக்குப் பனியில் என்ன வேலை என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)