விருந்தோம்பும் குடும்பத்துடன் அயல்நாட்டுப் பருவக் கல்வி

கல்லூரி மாணவர் ஒருவர் தம் பட்டப்படிப்பின் ஒரு பருவத்தை (செமஸ்டர்) வேறொரு நாட்டில் படித்து, அந்தக் காலம் முழுவதும் அந்நாட்டுக் குடும்பம் ஒன்றின் வீட்டிலேயே தங்கி வாழும் கல்வி முறை இது. ஒரு பருவம் ஏறத்தாழ நான்கு மாதம். அங்கே பெறும் கிரெடிட் சொந்தக் கல்லூரியின் பட்டத்தில் சேரும். மாணவரை ஏற்கும் வீட்டாரை ‘விருந்தோம்பும் குடும்பம்’ என்பர். சுற்றுலாத் தலங்களில் ‘ஹோம்ஸ்டே’ என்ற பெயரில் வாடகைக்கு விடப்படும் அறைகளும் இதுவும் ஒன்றல்ல. இங்கே மாணவர் வீட்டாருடன் ஒரே மேசையில் உண்கிறார். வீட்டின் நேரங்களுக்கும் கட்டுப்பாடுகளுக்கும் உட்படுகிறார்.

வரலாறு

அமெரிக்கக் கல்லூரிகளில் இம்முறைக்கு வித்திட்டது 1923இல் டெலவேர் பல்கலைக்கழகம் தொடங்கிய திட்டம். அங்கே பிரெஞ்சு கற்பித்த ரேமண்ட் கிர்க்பிரைடு முதல் உலகப் போரில் பணியாற்றியவர். மூன்றாம் ஆண்டு மாணவர்களைப் பிரான்சுக்கு அனுப்பிப் படிக்க வைக்க வேண்டும் என்ற அவரது யோசனையைப் பல்கலைக்கழகத் தலைவர் வால்டர் ஹல்லிஹன் ஆதரித்தார். பல்கலைக்கழகம் நிதி ஒதுக்காததால் நன்கொடை திரட்டப்பட்டது. தொழிலதிபர் பியேர் டூபான்ட் உதவினார். 1923 ஜூலையில் எட்டு மாணவர்கள் நியூயார்க்கில் கப்பலேறினர். முதலில் நான்சி நகரில் மொழிப் பயிற்சி பெற்றனர். பிறகு பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் படித்தனர். தங்கியது பிரெஞ்சுக் குடும்பங்களின் வீடுகளில். ஸ்மித் கல்லூரி 1925இல் இதே வழியில் மாணவிகளை அனுப்பியது. டெலவேர் 1948இல் திட்டத்தைக் கைவிட்டபோது சுவீட் பிரையர் கல்லூரி அதை ஏற்று நடத்தியது. அக்காலத் திட்டங்கள் ஓராண்டுக்கு உரியவை. ஒரு பருவத் திட்டங்கள் பின்னர் பெருகின.

கல்லூரிகளுக்கு வெளியே, டொனால்ட் வாட் 1932இல் ‘எக்ஸ்பெரிமெண்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங்’ அமைப்பைத் தொடங்கினார். முதல் ஆண்டு சுவிட்சர்லாந்தில் பலநாட்டு இளைஞர் முகாம் நடத்திய அவர், அதன் பிறகு முகாமை விட்டு, இளைஞர்களைக் குடும்பங்களுடன் தங்கவைக்கும் வழிக்கு மாறினார். இரு உலகப் போர்களிலும் ஆம்புலன்ஸ் ஓட்டிய தன்னார்வலர்களின் அமைப்பான ஏ.எஃப்.எஸ்., 1947இல் பள்ளி மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கியது. போரில் காயமுற்றோரைச் சுமந்தவர்கள், போர் முடிந்ததும் பகை நாட்டுப் பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் வாழவைக்க முனைந்தார்கள் என்பது இம்முறையின் வரலாற்றில் போற்றத்தக்க பக்கம்.

இரண்டு மாணவிகள்

பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடியை மணந்த ஜாக்குலின் புவியே, 1949-50இல் ஸ்மித் கல்லூரித் திட்டத்தின்கீழ் பிரான்சில் படித்தார். பாரிஸில் அவர் தங்கியது மொசார் அவென்யூவில் இருந்த டெ ராந்தி சீமாட்டியின் வீட்டில். நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் பங்கெடுத்ததற்காக அந்த அம்மையார் ராவன்ஸ்புரூக் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டு உயிர் மீண்டவர். அவருடைய கணவர் ஜெர்மன் முகாமில் இறந்தார். போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டில் அவ்வீட்டில் குளிர்காய வசதி குறைவு. வகுப்பில் படித்த ஐரோப்பிய வரலாற்றை அந்த மாணவி இரவு உணவு வேளையில் நேரில் கண்டார். 1961இல் அதிபரின் மனைவியாகப் பாரிஸ் சென்றபோது பிரெஞ்சு அதிபர் டெ கோலுடன் பிரெஞ்சிலேயே உரையாடினார்.

பின்னாளில் கறுப்பின உரிமைப் போராளியாக அறியப்பட்ட ஏஞ்சலா டேவிஸ் 1963-64இல் ஹாமில்டன் கல்லூரித் திட்டத்தில் பிரான்ஸ் சென்றார். தொடக்கப் பயிற்சிக்காகப் பியாரிட்ஸ் நகரில் இருந்தபோது, 1963 செப்டம்பரில் தம் சொந்த ஊரான அமெரிக்காவின் பர்மிங்காமில் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு கறுப்பினச் சிறுமிகள் இறந்த செய்தியைப் பத்திரிகையில் படித்தார். அச்சிறுமிகளின் குடும்பங்கள் அவருக்குத் தெரிந்தவை. அயல் வீட்டில் இருப்பவருக்குச் சொந்த வீட்டின் துயரம் எட்டாமல் போவதில்லை. தனிமையில் அது கூடுதல் பாரமாகவே வந்து சேர்கிறது.

ஏற்பாடும் செலவும்

வீட்டைத் தேர்வது பெரும்பாலும் கல்லூரித் திட்டத்தின் உள்ளூர் அலுவலகம். மாணவரின் உணவுப் பழக்கம், ஒவ்வாமை, வளர்ப்புப் பிராணிகள் பற்றிய விருப்பம் ஆகியவற்றைக் கேட்டறிந்து வீடு ஒதுக்குவார்கள். ‘குடும்பம்’ என்றால் தாய், தந்தை, பிள்ளைகள் என்றே இருக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட மூத்த தம்பதியராகவோ, தனியே வாழும் அம்மையாராகவோ இருக்கலாம்.

பல்கலைக்கழகத் திட்டங்களில் உணவுக்கும் அறைக்கும் குடும்பத்துக்குத் தொகை வழங்குவது வழக்கம். அமெரிக்காவில் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் வரும் பள்ளி மாணவர்களை ஏற்கும் குடும்பங்களுக்குப் பணம் தரப்படுவதில்லை. அது தன்னார்வச் சேவை. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் குறுகிய கால விசா 90 நாளுக்கு மட்டுமே செல்லும். எனவே முழுப் பருவமும் படிக்க அந்தந்த நாட்டின் நீண்டகால விசா பெற வேண்டும்.

வீட்டு வழக்கங்கள்

ஸ்பெயினில் மதிய உணவு இரண்டு மணிக்கு மேல்தான். இரவு உணவு ஒன்பதைத் தாண்டும். குளிர்காலத்தில் தரைவரை துணி தொங்கும் வட்ட மேசையின் கீழ்க் கணப்பை வைத்து, குடும்பமே அதைச் சுற்றிக் கால் நீட்டி உட்காரும் பழைய வழக்கம் சில வீடுகளில் உண்டு. தன் அறையில் கதவடைத்திருப்பவர் குளிரில் இருப்பார். மேசைக்கு வருபவருக்குக் கதகதப்போடு பேச்சும் கிடைக்கும்.

ஜப்பானில் செருப்பை வாசலில் கழற்றுவதில் தமிழருக்குப் புதுமை இல்லை. குளியல் முறைதான் புதிது. தொட்டிக்கு வெளியே உடம்பைத் தேய்த்துக் கழுவிய பிறகே வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். வீட்டார் அனைவரும் முறைவைத்து அதே நீரில் அமர்வதால், அதில் சோப்பு நுரை படலாகாது. வீட்டிலிருந்து கிளம்புபவர் சொல்லும் ‘இத்தெகிமாஸ்’ என்ற சொல்லின் பொருள் ‘போய்விட்டு வருகிறேன்’. ‘போறேன்’ என்று சொல்லிப் பழகாத நம் வீடுகளை நினைவூட்டும் ஒற்றுமை இது.

மொழிப்பேறு

ஒரு வீட்டில் தங்கினாலே மொழி வந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலானது. ஆய்வுகள் அதை முழுமையாக ஆதரிக்கவில்லை. ரஷ்யாவில் படித்த அமெரிக்க மாணவர்களைப் பற்றி வில்லியம் ரிவர்ஸ் 1998இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பங்களுடன் தங்கியவர்கள் வாசிப்பில் முன்னேறினாலும், பேச்சில் விடுதி மாணவர்களை மிஞ்சவில்லை எனத் தெரிந்தது. வீட்டாரோடு பேசும் வாய்ப்பு இருந்தும் அறைக்குள் முடங்குவது, அன்றாடப் பேச்சு ‘சாப்பிட்டாயா, எப்போது வருவாய்’ என்ற அளவில் நின்றுவிடுவது போன்றவை மொழி வளர்ச்சியைத் தடுக்கக்கூடும். காய் நறுக்கும்போதும், தொலைக்காட்சிச் செய்தி பார்க்கும்போதும் கேள்வி கேட்டுப் பேச்சை வளர்ப்பவருக்கே மொழி கைவருகிறது.

தமிழகத் தொடர்பு

தமிழ் கற்க வரும் அயல்நாட்டு மாணவர்களுக்கு மதுரை முக்கியமான ஊர். 1961இல் தொடங்கப்பட்ட அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் தமிழ்மொழித் திட்டம் அங்கே இயங்குகிறது. ‘சீட்டா’ எனப்படும் தென்னிந்தியப் பருவத் திட்டத்தில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் மதுரைக் குடும்பங்களுடன் தங்கிப் படித்தனர்.

தமிழைப் பொறுத்தவரை வீடு தனிப் பள்ளிக்கூடம். பாடநூலில் ‘நான் வருகிறேன்’ என்று படித்தவர், வீட்டில் ‘நான் வர்றேன்’ என்பதைக் கேட்கிறார். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தொலைவை அகராதி கடக்க உதவாது, சமையலறை உதவும். யாரை ‘நீங்க’ என்பது, யாரை ‘அக்கா’ என்பது, இலையில் போதும் என்பதை எப்படிச் சொல்வது என்பதெல்லாம் அங்கேதான் பிடிபடும்.

சிக்கல்களும் தீர்வும்

உணவு ஒவ்வாமை, வீடு திரும்பும் நேரம், தண்ணீர் மற்றும் மின்சாரச் செலவு, துணி துவைக்கும் நாள் ஆகியவை பூசலுக்கு வழக்கமான காரணங்கள். முதல் வாரத்திலேயே இவற்றை வெளிப்படையாகப் பேசித் தெளிவது நல்லது. சைவ உணவுக்காரர் எதை உண்பார், எதை உண்ணமாட்டார் என்பதைப் பட்டியலாகச் சொல்லிவிட வேண்டும். சில நாடுகளில் மீன் குழம்பும் கோழிச் சாறும் சைவக் கணக்கில் சேர்ந்துவிடும். அவமதிப்போ அத்துமீறலோ நேர்ந்தால் சகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. உடனே திட்டத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி வீடு மாறலாம். அது மாணவரின் உரிமை.

அயல்நாட்டுப் படிப்புக்குக் கிளம்பும் மாணவர் பெட்டியில் என்னென்ன வைப்பது என்று பலரிடம் கேட்பார். வீட்டாருக்கு ஒரு சிறு பரிசும், தன் ஊரைப் பற்றிச் சொல்ல நாலு கதையும் கட்டாயம் இருக்கட்டும். இரவு உணவுக்குப் பின் உடனே எழுந்து அறைக்குப் போய்விடாதீர்கள். அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த பாடம் அந்த மேசையில்தான் நடக்கும்.