கொழும்பில் வடிவான மாட்யூல்: ஆக்சிஸ்2-இன் கோப்புறைச் சிக்கல்

ஜாவாவில் இணையச் சேவைகளை எழுதுவோர் பலர் நம்பியிருந்த அப்பாச்சி ஆக்சிஸ்2 இயந்திரத்தின் அடிப்படைக் கருத்து, 2004 ஆகஸ்டில் கொழும்பில் கூடிய ஆக்சிஸ் குழுவினரின் சந்திப்பில் உருவானது. லங்கா மென்பொருள் அறக்கட்டளையை நிறுவிய சஞ்ஜீவ வீரவரணவும் அங்கிருந்த இளம் பொறியாளர்களும் இப்பணியில் முன்னின்றனர். 1.0 பதிப்பு 2006 மே மாதம் வெளிவந்தது.

முந்தைய ஆக்சிஸில், ஒரு செய்தி கடந்து செல்லும் ஹேண்ட்லர்களின் வரிசை அமைவுக் கோப்பில் நிலையாக எழுதப்பட்டிருந்தது. பாதுகாப்பைச் சேர்க்க விரும்பியவர் அந்த வரிசையைத் தம் கையால் திருத்த வேண்டும். ஆக்சிஸ்2 வரிசையைக் கட்டங்களாகப் பகுத்தது. தன் ஹேண்ட்லர் எக்கட்டத்தில், எதற்கு முன், எதற்குப் பின் நிற்க வேண்டும் என்பதை மாட்யூலே தன்னுள் இருக்கும் விவரக் கோப்பில் அறிவித்தது. அத்துடன், ஒரு மாட்யூல் இயந்திரத்திற்குக் கிடைத்திருப்பதும் அது பணியில் இணைக்கப்படுவதும் இருவேறு நிலைகளாயின.

பெயர்களிலும் பிறப்பிடம் தெரிகிறது. செய்தி தவறாது சென்று சேர்வதை உறுதிசெய்யும் மாட்யூலுக்குச் 'சந்தேச' என்று பெயர். சிங்களத்தில் அது செய்தியைக் குறிக்கும். தமிழில் தூது என வழங்கும் இலக்கிய வகைக்கும் அங்கே அதுவே பெயர். சேவைக் கொள்கைகளைக் கையாளும் நூலகத்தின் பெயர் 'நீதி'. தமிழ்க் காதுக்கு அது நியாயமாக ஒலிக்கும். சிங்களத்தில் சட்டம் என்பதே அதன் பொருள்.

சிக்கல் கிளையன்ட் பக்கத்தில் எழுந்தது. சேவையகத்தில் ஒரு களஞ்சியக் கோப்புறை உண்டு. அதனுள் மாட்யூல்களுக்கான உட்கோப்புறையில் கோப்பைப் போட்டால் போதும். கிளையன்டிலும் அதே இயந்திரமே ஓடுகிறது. ஆனால், மாட்டுங்காவில் ஒரு வணிகரின் கணக்கு மென்பொருள் வங்கியின் சேவையை அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அம்மென்பொருளுக்குள் பொதிந்த கிளையன்டுக்குக் களஞ்சியம் ஏது? முகவரியிடல் மாட்யூலை இணைக்குமாறு நிரல் கேட்டதும், கிடைக்காத மாட்யூலை இணைக்க முயல்வதாகப் பிழை வருகிறது. பிழை இணைக்கும் வரியில் தோன்றினாலும் குறை அதற்கு முன்பே, ஏற்றும் கட்டத்தில் நேர்ந்துவிட்டது. புதியவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் தேடுவது இதனால்தான்.

களஞ்சியத்தின் பாதையை நிரலிலேயே கொடுக்கலாம். அப்பாதை வாடிக்கையாளர் கணினியிலும் இருந்தாக வேண்டும். களஞ்சியத்தை ஓர் இணைய முகவரியிலும் வைக்கலாம். அங்கே கோப்புறையின் உள்ளடக்கத்தைத் துழாவ வழியில்லாததால் மாட்யூல்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றை உடன் வைக்க வேண்டும். கோப்புறை இல்லாதபோது இயந்திரம் கிளாஸ்பாத்தில் மாட்யூல் விவரக் கோப்புகளைத் தேடும். பொதிந்த கிளையன்டுக்கு இதுவே இயல்பான வழி.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. எல்லா மாட்யூல்களின் விவரக் கோப்புக்கும் ஒரே பெயர், ஒரே உட்பாதை. வழங்குவதற்கு எளிதென்று எல்லாவற்றையும் ஒற்றை ஜார் கோப்பாக இணைக்கும்போது, ஒன்றின் விவரம் மற்றொன்றை அழித்து எழுதிவிடக்கூடும். முகவரியிடலும் பாதுகாப்பும் சேர்ந்து உள்ளே போகும். இயந்திரத்தின் கண்ணுக்கு ஒன்றுதான் தெரியும்.