சோற்றைக் குறைத்த இடத்தில் எது வரும்?

நீரிழிவு ஒருமுறை வந்தால் போகாது என்ற நம்பிக்கையை 2017-இல் பிரிட்டனில் வெளியான ‘டைரக்ட்’ ஆய்வு அசைத்துப் பார்த்தது. ராய் டெய்லர், மைக் லீன் இருவர் தலைமையில் நடந்த அந்த ஆய்வில், நோய் கண்டு ஆறு ஆண்டுக்கு மேல் ஆகாத, இன்சுலின் போட்டுக்கொள்ளாத 306 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களில் ஒரு பாதியினர் மூன்று முதல் ஐந்து மாதம்வரை நாளுக்குச் சுமார் 850 கலோரி தரும் சத்துப்பானத்தை மட்டுமே உட்கொண்டு, பிறகு படிப்படியாக வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினர். ஓராண்டு முடிவில் அந்தப் பாதியினரில் 46 விழுக்காட்டினருக்கு மருந்தில்லாமலே ரத்தச் சர்க்கரை நீரிழிவு எல்லைக்குக் கீழே நின்றது. 15 கிலோவோ அதற்கு மேலோ எடை இழந்தவர்களில் இந்தப் பங்கு 86 விழுக்காடு. இத்தனைக்கும், அந்தப் பானத்தின் கலோரியில் 59 விழுக்காடு கார்போஹைட்ரேட்டிலிருந்துதான் வந்தது.

மாவுச்சத்தே எல்லா நோய்க்கும் மூலம் என்பவர்களுக்கு இது சங்கடமான தகவல். ஆனால் இதை வைத்துக்கொண்டு, சோற்றை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற முடிவுக்கு வருவதும் தவறு. சர்க்கரையையும் தானியத்தையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டதால்தான் இந்த விவாதம் அரை நூற்றாண்டாக ஒரே இடத்தில் சுற்றுகிறது. இரண்டையும் பிரித்தால், முதலாவது ஏறக்குறைய தீர்ந்துபோன வழக்கு. இரண்டாவதன் விடை, தட்டில் சோறு குறைந்த இடத்தில் எது வருகிறது என்பதைப் பொறுத்தது.

சர்க்கரை வழக்கில் முதல் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் லண்டன் பேராசிரியர் ஜான் யுட்கின். 1972-இல் அவர் எழுதிய நூல் சக அறிஞர்களிடம் கேலிக்குள்ளானது. அந்தக் காலத்துக் குற்றவாளி கொழுப்பு. அதற்கு ஐந்தாண்டு முன்பே, அமெரிக்கச் சர்க்கரை ஆலைகளின் ஆராய்ச்சி அமைப்பு ஹார்வர்டு அறிஞர்களுக்குச் சுமார் 6,500 டாலர் கொடுத்து, இதய நோயில் சர்க்கரையின் பங்கைச் சிறிதாக்கிக் காட்டும் மதிப்பாய்வு ஒன்றை முன்னணி மருத்துவ இதழில் வரவழைத்திருந்தது. கிறிஸ்டின் கியர்ன்ஸ் குழுவினர் 2016-இல் பழைய கடிதங்களைத் தோண்டி எடுத்தபோதுதான் இது வெளியே வந்தது. கதை சுவையானது, ஆனால் ஆலைக்காரர்கள் பணம் கொடுத்தார்கள் என்பதால் மட்டும் சர்க்கரை கெட்டது என்று நிரூபணம் ஆகிவிடாது.

நிரூபணத்துக்கு அருகில் வந்த ஒன்று 2024-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் தொடங்கிய சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பரில் முடிவுக்கு வந்தது. அதன்பின் சராசரி நுகர்வு ஏறக்குறைய இருமடங்கானது. அந்த எல்லைக்கு முன்னும் பின்னும் கருவாகிப் பிறந்தவர்களை ஆய்வாளர்கள் அறுபது வயதை ஒட்டிய பருவத்தில் ஒப்பிட்டனர். கருவிலும் முதல் இரண்டு வயதிலும் ரேஷன் காலத்தைக் கண்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு அபாயம் சுமார் 35 விழுக்காடும், உயர் ரத்த அழுத்த அபாயம் சுமார் 20 விழுக்காடும் குறைவாக இருந்தன. யாரும் திட்டமிடாமல் ஒரு தேசமே பங்கேற்ற பரிசோதனை அது. ஆய்வுக்கூடத்தில் அறுபது ஆண்டு காத்திருந்து இப்படி ஒன்றைச் செய்ய எந்த நிறுவனமும் நிதி தராது.

கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழ், முடிந்தால் இருபதில் ஒரு பங்குக்குக் கீழ் சர்க்கரையை வைத்துக்கொள்ளும்படி உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு இது 50 கிராம், 25 கிராம் என்று ஆகிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் நபருக்கு மாதம் அரைக் கிலோ என்ற கணக்கில் தரப்படும் சர்க்கரையை நாளுக்குப் பிரித்தால் ஏறக்குறைய 17 கிராம். கடுமையான வரம்புக்குள்ளேயே அடங்கும் அளவுதான். அதன் மேல் 300 மில்லி கோலா ஒன்றைக் குடித்தால் இன்னும் 30 கிராமுக்கு மேல் சேர்ந்து, தளர்ந்த வரம்பின் விளிம்புக்கே கொண்டுபோய்விடும். ஆகவே கட்டுப்பாடு வேண்டிய இடம் காபித் தம்ளரைவிட பாட்டிலும் பேக்கரியும்தான். பிரிட்டன் 2018 ஏப்ரலில் குளிர்பானங்களுக்குச் சர்க்கரை அளவுக்கேற்ப வரி விதித்தபோது, வரி நடைமுறைக்கு வரும் முன்பே பல நிறுவனங்கள் தங்கள் பானங்களில் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டன.

தானியத்துக்கு வருவோம். இங்கே சான்றுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. பொலிவியக் காடுகளில் வாழும் சிமானே மக்களின் கலோரியில் பெரும்பகுதி அரிசி, வாழைக்காய், மரவள்ளிக்கிழங்கிலிருந்து வருகிறது. ஆனால் இதய ரத்தக்குழாய் அடைப்பு அவர்களிடம்தான் மிகக் குறைவு என்று 2017-இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. அவர்கள் நாள் முழுவதும் வேட்டையும் விவசாயமுமாக அலைபவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 2018-இல் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டோபர் கார்ட்னர் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஓராண்டு கண்காணித்தார். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். புள்ளியியல்படி வித்தியாசமே இல்லை. அதே ஆண்டு வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில், கலோரியில் 50 முதல் 55 விழுக்காடு கார்போஹைட்ரேட் உண்டவர்களிடம் இறப்பு விகிதம் மிகக் குறைவு. அதற்கு மேலும் கீழும் கூடியது. குறைத்துச் சாப்பிட்டவர்களில்கூட, அந்த இடத்தை இறைச்சியால் நிரப்பியவர்களுக்கு இறப்பு கூடியது, பயறு, கொட்டை வகைகளால் நிரப்பியவர்களுக்குக் குறைந்தது.

கட்டுரையின் வாதம் இந்தக் கடைசிச் செய்தியில்தான் ஊன்றி நிற்கிறது.

இந்திய உணவில் கார்போஹைட்ரேட்டின் பங்கு 62 விழுக்காடு, புரதத்தின் பங்கு வெறும் 12 விழுக்காடு. 18,090 பேரின் உணவை ஆராய்ந்து, சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் அஞ்சனா, மோகன் குழுவினர் 2025-இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் எழுதிய கட்டுரையின் கணக்கு இது. அதில் இன்னொரு முடிவு, சிறுதானிய ஆர்வலர்களுக்கு அவ்வளவாக ருசிக்காது. மொத்த அளவைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ சேர்ப்பதால் நீரிழிவு அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. கலோரியில் வெறும் ஐந்து விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்து எடுத்து பருப்பு அல்லது பால் புரதத்துக்கு மாற்றினால் குறைகிறது. நைசாக அரைத்த கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு, அரிசியை விட்டொழித்ததாக நிம்மதி அடைபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

‘ப்யூர்’ என்ற பன்னாட்டு ஆய்வு 2020-இல் வெளியிட்ட அரிசிக் கணக்கு இன்னும் நேரடியானது. தெற்காசியாவில் நாளுக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு சாப்பிடுபவர்களுக்கு, 150 கிராமுக்குக் கீழே சாப்பிடுபவர்களைவிட நீரிழிவு அபாயம் 61 விழுக்காடு அதிகம். இனி ரேஷன் அட்டையை எடுத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2011 ஜூனிலிருந்து இது நடைமுறை. நபருக்கு நாளுக்கு 167 கிராம் அரிசி. வெந்தால் இரண்டரை முதல் மூன்று மடங்காகும் என்று வைத்துக்கொண்டால், ஆய்வு எச்சரிக்கும் அந்த 450 கிராமை ரேஷன் அரிசி மட்டுமே தொட்டுவிடுகிறது. அதே அட்டைக்கு 30 ரூபாய் விலையில் கிடைக்கும் துவரம் பருப்போ மாதம் ஒரு கிலோ. நபருக்கு நாளுக்கு எட்டு கிராம். ஒரு கைப்பிடிகூட வராது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரித் தட்டுக்கு வகுத்த அளவு, தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம்.

விலையில்லா அரிசி பட்டினியை ஒழித்த திட்டம் என்பதை மறந்துவிட்டு அதைக் குறை சொல்வது நியாயமாகாது. சித்தாள் வேலைக்குப் போகிறவரிடம் ‘சோற்றைக் குறையுங்கள்’ என்று மருத்துவர் சொல்லும்போது, அந்த இடத்தில் வேறெதுவும் வராவிட்டால் மிஞ்சுவது பசி. மாலையில் அதை அடக்க பத்து ரூபாய் பிஸ்கட்டும் டீயும். வசதியுள்ளவர் அதே அறிவுரைக்கு முட்டை, பனீர், பாதாம் என்று பட்டியல் போட்டு நிரப்பிக்கொள்கிறார். ஒரே அறிவுரை இரண்டு வீடுகளில் இரண்டு உணவாக மாறுகிறது.

நோய் ஏற்கெனவே வந்தவர்களின் கணக்கு வேறு. ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க மொத்தக் கார்போஹைட்ரேட்டைக் குறைப்பதற்கே சான்று அதிகம் என்று அமெரிக்க நீரிழிவு சங்கம் 2019-இல் ஒப்புக்கொண்டது. ஆனால் இன்சுலினோ, கணையத்தைத் தூண்டும் மாத்திரையோ எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று சோற்றை நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கிவிடும். யூடியூபில் இதைச் சொல்பவர்கள் குறைவு.

பருப்பிலும் பாதிக்கு மேல் மாவுச்சத்துதானே என்று ஒரு மறுப்பு எழலாம். எழ வேண்டியதுதான்: நூறு கிராம் துவரம் பருப்பில் 22 கிராம் அளவுக்குப் புரதம் இருந்தாலும், மாவுச்சத்து அதைப்போல் இரு மடங்குக்கு மேல் இருக்கிறது. ஆனால் நார்ச்சத்தும் புரதமும் கூடவே இருப்பதால் அது மெதுவாகச் செரிக்கிறது, வயிறும் சீக்கிரம் நிறைகிறது. கனமான மறுப்பு செலவுதான். இந்தியா மொசாம்பிக்கிலிருந்தும் மியான்மரிலிருந்தும் துவரையை இறக்குமதி செய்கிறது. விலை நிலையாக நிற்பதில்லை. அட்டைக்கு ஒரு கிலோவை மூன்று கிலோவாக்கினால்கூட நபருக்கு நாளுக்கு 25 கிராம்தான் வரும், மானியச் சுமையோ மூன்று மடங்காகும். துவரையை மட்டுமே நம்பாமல் பாசிப்பயறு, கொண்டைக்கடலை, தருமபுரி, கிருஷ்ணகிரி மானாவாரிக் காடுகளில் விளையும் கொள்ளு ஆகியவற்றையும் கொள்முதல் செய்தால் அந்தச் சுமையில் ஒரு பகுதி உள்ளூர் உழவர்களின் வருமானமாகவே திரும்பும். அரிசியில் இரண்டு, மூன்று கிலோவை விட்டுக்கொடுத்து அதே மதிப்புக்குப் பயறு பெற்றுக்கொள்ளலாம் என்று அட்டைதாரருக்கே விருப்பத் தேர்வு தருவதை ஏதேனும் ஒரு மாவட்டத்தில் ஓராண்டு நடத்திப் பார்க்கலாம். எத்தனை பேர் மாற்றிக்கொள்கிறார்கள் என்பதைக் கடையின் விற்பனை முனையக் கருவியே பதிவு செய்துவிடும்.