மருத்துவர் விருதுகளும் பாரபட்சமும்

திருவரங்கம் கோயிலில் கி.பி. 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. படையெடுப்பில் சிதைந்த ஆரோக்கியசாலையை, அதாவது மருத்துவமனையை, சீனிவாசர் எனும் கருடவாகன பட்டர் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததை அது சொல்கிறது. கருடவாகன பட்டர் என்ற பட்டப்பெயர் குடும்ப வழியில் வந்ததுதான். ஆனால் கல்லில் பதிந்தது செய்த பணி. மருத்துவரைப் பாராட்ட இதைவிட நேர்மையான முறை தெரியவில்லை.

இன்றைய அளவுகோல் பத்ம விருதுகள். அரசு ஊழியர்களில் மருத்துவர்களும் அறிவியலாளர்களும் மட்டுமே இவற்றுக்குத் தகுதியுள்ளவர்கள். ஆண்டுக்கு 120 விருதுகளே உச்சவரம்பு; இறந்தபின் தரப்படுபவையும் வெளிநாட்டவர்க்குரியவையும் இக்கணக்கில் சேரா. பாலாஜி ராகவன் வழக்கில் (1995) உச்ச நீதிமன்றம் இவை செல்லுமெனத் தீர்ப்பளித்தது. பெயருக்கு முன்னும் பின்னும் பட்டமாகப் போட்டுக்கொள்ளக் கூடாதென்றது. தேர்வில் கட்டுப்பாடு வேண்டுமெனவும் கூறியது.

பாரபட்சம் பெரும்பாலும் தேர்வுக்கு முன்பே, பரிந்துரையில் தொடங்குகிறது. யார் வேண்டுமானாலும், தனக்குத் தானேகூட, இணையவழி விண்ணப்பிக்கலாம். ஆனால் சாதனையை 800 சொற்களுக்குள் எழுத வேண்டும். பெரிய தனியார் மருத்துவமனைக்கு அதற்கென ஆள் இருக்கும். திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் இரவுப் பணி பார்ப்பவருக்காக எழுத யார் இருக்கிறார்கள்?

பதவியும் பாரபட்ச ஐயத்தை எழுப்பலாம். மேற்கு வங்க முதல்வராக இருந்தபோதே, 1961இல், மருத்துவர் பி.சி.ராய் பாரத ரத்னா பெற்றார். தகுதியில் குறையில்லை, ஆயினும் பதவியில் இருப்பவருக்குத் தருவது ஐயத்துக்கு இடமளிக்கும்.

உங்கள் ஊர் அரசு மருத்துவருக்காக அந்த 800 சொற்களை நீங்கள் எழுதுங்கள்.