முயலுக்கு கேரட் கொடுக்கலாமா? எந்தக் கீரை, காய் பாதுகாப்பானது?

வீட்டுக்கு முயல் வந்ததும் நாம் முதலில் நீட்டுவது கேரட்டைத்தான். கார்ட்டூன் பார்த்து வளர்ந்த பழக்கம்! ஆனால் முயல் அடிப்படையில் புல் தின்னும் விலங்கு. நமக்கு லட்டு எப்படியோ, அதற்கு கேரட் அப்படி. அப்போ கொடுக்கவே கூடாதா? கொடுக்கலாம், வாரத்தில் ஓரிரு நாள், ஒரு சின்னத் துண்டு.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? முயலின் குடல் ஓயாமல் இயங்க வேண்டும். அதற்கு நார்ச்சத்து தேவை. சர்க்கரையும் மாவுச்சத்தும் கூடினால், குடலில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகளின் சமநிலை கெடும். வாயு சேர்ந்து குடல் இயக்கமே நின்றுவிடலாம். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது.

அதனால் உணவில் சுமார் 80 சதவீதம் புல்லாக இருக்கட்டும். வாழ்நாள் முழுக்க வளரும் பற்கள் தேய்வதற்கும் புல்தான் வழி. இறக்குமதியாகும் டிமோதி உலர்புல் விலை கட்டுப்படியாகவில்லையா? பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல் நல்ல மாற்று. பூச்சிமருந்து படிந்திருக்கலாம் என்பதால் நன்றாக அலசிக் கொடுங்கள்.

புல்லுக்கு அடுத்துதான் கீரை. முயலின் எடையில் ஒரு கிலோவுக்கு, தினமும் சுமார் ஒரு கப். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, கேரட் இலை (கடைக்காரர் கிள்ளி எறிவாரே, அதேதான்) எல்லாம் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். பாலக்கீரையில் ஆக்சலேட் அதிகம் என்பதால் தினமும் வேண்டாம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் சில முயல்களுக்கு வாயுவை உண்டாக்கும்.

வெங்காயம், பூண்டு, அவகாடோ, உருளைக்கிழங்கு, தக்காளிச் செடியின் இலை ஆகியவை கூடவே கூடாது. மிச்சமான சப்பாத்தி, பிஸ்கட்டும் அப்படித்தான். ஆசையாகத்தான் தின்னும், அதை நம்பாதீங்க.

12 வாரம் ஆகாத குட்டிக்குக் கீரை, காய் அவசரமில்லை. அதன் பிறகும் ஒரு நேரத்தில் ஒரு புதிய கீரை மட்டும், கொஞ்சமாக. அடுத்த இரண்டு நாள் புழுக்கையைக் கவனியுங்கள். உருண்டையாக, உலர்ந்து இருந்தால் தொடரலாம். இளகினால் நிறுத்திவிட்டு, புல் மட்டும் கொடுங்கள்.

10, 12 மணி நேரமாகச் சாப்பிடவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் அது அவசர நிலை. காலையில் பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பல கிளினிக்குகளில் நாய், பூனை மட்டுமே பார்ப்பார்கள். முயல் பார்க்கும் மருத்துவர் உங்கள் ஏரியாவில் யார் என்று இப்போதே விசாரித்து, நம்பரை போனில் சேமித்து வையுங்கள்.