தம்புராவுக்குப் பின்னால்

கச்சேரி மேடையில் பாடகருக்குப் பின்னால் தம்புரா மீட்டியவர் பல நேரம் சிஷ்யை, அல்லது மகள். மூன்று மணி நேரம் விரல் ஓயாது. அழைப்பிதழில் பெயர் வராது.

1979இல் பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். எலக்ட்ரானிக் ஆர்கனில் கட்டைக்குக் கட்டை சுரம் எழுப்புவது போலவே இங்கும் சுற்றுதான் ஒலிக்கிறது. பஞ்சமமும் சட்ஜமும் போதும். சுருதியைக் ‘கட்டை’ என்று நாம் எண்ணுவதே ஆர்மோனியக் கட்டைகளை வைத்துத்தானே! குமிழைத் திருகினால் ஐந்தரைக் கட்டை.

தனியே சாதகம் செய்யும் பெண்ணுக்கு அது வரம், மறுக்க மாட்டேன். ஆனால் சம்பளமில்லாத வேலை என்பதால், இயந்திரம் அதை எடுத்துக்கொண்டது வேலையிழப்புக் கணக்கில் ஏறவில்லை. குருவின் முதுகுக்குப் பின்னிருந்து கேள்வி ஞானம் பெற்ற இடமும் சுருங்கியது. பெட்டிக்கு மட்டும் ‘சாரங்’ என்று பெயர் வைத்தார்கள்.