மட்டாஞ்சேரி மிளகும் அரைகுறை இத்தாலியமும்

"அவனுக்கு அந்த பாஷை அரைகுறையா தெரியும்" என்று நம் ஊரில் ஒருவரைப் பற்றிச் சொன்னால் அது பாராட்டு இல்லை. ஆனால் அந்த அரைகுறையை வைத்துக்கொண்டுதான் உலகத்தில் பாதி வேலை நடந்திருக்கிறது என்பது என் கட்சி. அதற்குச் சாட்சி சொல்ல மட்டாஞ்சேரியைக் கூப்பிடப் போகிறேன். அதற்கு முன்னால் இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

வட இத்தாலியில் பெட்டி தட்டும் வேலை எனக்கு. வாரத்தில் இரண்டு மாலை இங்குள்ள பல்கலைக்கழகத்தின் மொழி மையத்தில் இத்தாலியம் படிக்கிறேன். பி1 வகுப்பு. ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் ஒரு அளவுகோல் வெளியிட்டது. ஏ1-ல் தொடங்கி சி2 வரை ஆறு படிகள். அதில் மூன்றாவது படி பி1, அதாவது நடுப்படி. நீண்டகால வசிப்பு அனுமதிக்கு ஏ2 இருந்தால் போதும். 2018 டிசம்பரில் வந்த சட்டத்துக்குப் பிறகு, கல்யாணம் மூலமாகவோ பல வருஷம் வசித்ததாலோ குடியுரிமை கேட்பவர்கள் பி1 சான்றிதழ் காட்டவேண்டும். அதனால் எங்கள் வகுப்பில் இலக்கியக் காதலால் வந்தவர்கள் குறைவு, காகிதத்துக்காக வந்தவர்கள்தான் அதிகம் :-)

இந்த நடுப்படி ஒரு மாதிரியான இடம். கத்தரிக்காய் வாங்கலாம், டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்லலாம், வீட்டுக்காரரிடம் ஹீட்டர் ஓடவில்லை என்று புகார் சொல்லலாம். ஆனால் ஜோக் அடிக்க முடியாது. அடித்தாலும், நாம் வினைச்சொல்லைத் தேடி எடுப்பதற்குள் பேச்சு அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். இறந்தகாலமே இரண்டு விதம். "போனேன்" என்று முடிந்துபோன ஒரு தடவைக்கு ஒன்று, "அப்போதெல்லாம் போவேன்" என்று நாம் சொல்வோமே, அந்த வழக்கத்துக்கு இன்னொன்று. நம்மாட்களுக்கு ஒரு சௌகரியமும் இருக்கிறது. "நோனோ" என்றால் ஒன்பதாவது, "நொன்னோ" என்றால் தாத்தா. "பாலா" என்றால் மண்வாரி, "பல்லா" என்றால் பந்து. இதில் மற்ற நாட்டுக்காரர்கள் திணற, படமும் பட்டமும் பார்த்து வளர்ந்த நாம் ஜம்மென்று சொல்லிவிடுவோம். சொல்லை உயிரெழுத்தில் முடிப்பதும் பழக்கம்தான். பஸ்ஸு, காரு, லைட்டு!

வகுப்பில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். சிசிலித் தீவின் பலேர்மோவில் இருபது வருஷம் வீட்டு வேலை, முதியோர் பராமரிப்பு என்று இருந்துவிட்டு இப்போது மகன் வீட்டோடு இங்கே வந்துவிட்டார். அவர் பேசினால் சிசிலிக்காரி பேசுவது மாதிரியே இருக்கும். "தம்பி, கதைக்கிறதெண்டால் விடிய விடியக் கதைப்பன். எழுதச் சொன்னால்தான் ஏலாது" என்பார். இருபது வருஷமாக ஒரு மொழியில் சம்பாதித்து, சண்டை பிடித்து, பிள்ளை வளர்த்தவரும், நேற்று விமானத்தில் இறங்கியவரும் காகிதத்தில் ஒரே படியில் நிற்கிறார்கள். எனக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் ஆசிரியை ஒரு வேலை கொடுத்தார். உங்கள் நாட்டுக்கு வந்த ஒரு இத்தாலியரைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசவேண்டும். மார்க்கோ போலோ வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். என் அம்மாவுக்குப் பிறந்த ஊர் மட்டாஞ்சேரி என்பதால் நான் பிலிப்போ சஸ்ஸெத்தியைப் பிடித்துக்கொண்டேன்.

சஸ்ஸெத்தி 1540-ல் பிளாரன்ஸில் பிறந்தவர். பீசா பல்கலைக்கழகத்தில் படித்தவர், இலக்கியச் சங்கங்களில் உட்கார்ந்து விவாதித்தவர். ஆனால் வியாபாரக் குடும்பம், காசு நெருக்கடி. கடைசியில் லிஸ்பனில் கப்பலேறி 1583-ல் கொச்சியில் வந்து இறங்கினார். அப்போது வயது 43. போர்ச்சுகீசிய அரசிடம் மிளகுக் குத்தகை எடுத்திருந்தவர்களுக்காக இங்கே மிளகு வாங்கி அனுப்புவதுதான் வேலை. சுருக்கமாகச் சொன்னால் ஆன்சைட் வந்த ஆள். நம்ம கேஸ்தான்!

அந்தக் காலத்துக் கொச்சி ஒரே ஊர் இல்லை, இரண்டு ஊர். கடல் வாயில் கோட்டையோடு போர்ச்சுகீசியர்களின் சாந்தா குரூஸ், இன்றைய ஃபோர்ட் கொச்சி. அதை ஒட்டிக் காயல் ஓரமாக ராஜாவின் ஊரான மட்டாஞ்சேரி. இன்றைக்கு "டச்சு அரண்மனை" என்று டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோமே, அது உண்மையில் 1550-களில் போர்ச்சுகீசியர்கள் கட்டி ராஜாவுக்குக் கொடுத்தது. டச்சுக்காரர்கள் பின்னால் வந்து பழுதுபார்த்ததோடு பெயரையும் தட்டிக்கொண்டு போனார்கள். பக்கத்திலேயே 1568-ல் எழுந்த பரதேசி யூதர்களின் ஜெப ஆலயம். கோவாவிலிருந்து வந்து குடியேறிய கொங்கணிகள், அரபு நாட்டு வியாபாரிகள், நம் செட்டிகள், மலையாளிகள் என்று அத்தனை பேரும் அரைக்கால் மைல் சுற்றளவில். இதில் தமிழ் எங்கே என்று கேட்பீர்கள். சஸ்ஸெத்தி வந்து இறங்குவதற்கு நான்கு வருஷம் முன்னால், 1579-ல், கொச்சியில் தமிழ்ப் புத்தகமே அச்சாகியிருக்கிறது. அண்ட்ரிக் அடிகளாரின் 'கிரிசித்தியானி வணக்கம்'. அதற்கு முந்தைய வருஷம் கொல்லத்தில் வந்த 'தம்பிரான் வணக்கம்' நமக்குத் தெரிந்தது, அதன் தம்பி கொச்சிக்காரன்.

இந்தக் கலவைக்கு நடுவில்தான் நம் மிளகுக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிராமணர்களிடமும் வைத்தியர்களிடமும் விசாரித்திருக்கிறார். 1585-ஐ ஒட்டி பிளாரன்ஸில் இருந்த நண்பர் பெர்னார்தோ தவன்சாத்திக்கு ஒரு கடிதம் போகிறது. இங்கே சாஸ்திரங்கள் எல்லாம் சமஸ்கிருதம் என்ற ஒரு மொழியில் இருக்கின்றன, இப்போது யாரும் அதைப் பேசுவதில்லை, நாம் லத்தீனும் கிரேக்கமும் படிக்கிற மாதிரி இவர்கள் அதைப் படிக்கிறார்கள் என்று விளக்குகிறார். அதோடு, இதில் நம் மொழிச் சொற்கள் பல இருக்கின்றன என்று போகிறபோக்கில் ஒரு குண்டு போடுகிறார். எடுத்துக்காட்டு: ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்ற எண்கள், கடவுள், பாம்பு.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இத்தாலியத்தில் ஸெய், ஸெத்தே, ஓத்தோ, நோவே. அங்கே ஷட், சப்த, அஷ்ட, நவ. சப்த ஸ்வரம், அஷ்டமி, நவமி என்று நம் வீட்டுக் காலண்டரிலேயே இருக்கிற சொற்கள்! கடவுள் "தீயோ", அங்கே தேவன். பாம்பு "ஸெர்ப்பே", அங்கே சர்ப்பம். (உடனே "ஓத்தோதான் எட்டு, ஆகவே தமிழ்தான் மூலம்" என்று கிளம்பிவிடாதீர்கள். தமிழ் தனிக் குடும்பம். 1816-ல் எல்லிஸும் 1856-ல் கால்டுவெல்லும் அதைப் பிரித்துக் காட்டிவிட்டார்கள்.) வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் எழுந்து நின்று, சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்திருக்கவேண்டும் என்று பேசியது 1786-ல். அதாவது இருநூறு வருஷம் கழித்து. சஸ்ஸெத்தியின் கடிதங்கள் பெரிய தொகுப்பாக அச்சில் வந்ததே 1855-ல்தான்.

எனக்குப் பிடித்த இடம் இது இல்லை. அதே மனிதர் இன்னொன்றும் எழுதுகிறார். இந்த ஊருக்குப் பதினெட்டு வயதில் வந்திருக்கவேண்டும், அப்படி வந்திருந்தால் இந்த அழகான விஷயங்களில் கொஞ்சமாவது கற்றுக்கொண்டு திரும்பியிருப்பேன் என்று ஏங்குகிறார். பகலெல்லாம் மிளகு எடை பார்த்துவிட்டு ராத்திரி மொழி படிக்க நினைத்த நாற்பது தாண்டிய மனிதரின் பெருமூச்சு அது. வேலை முடிந்து சாயங்காலம் ஏழு மணிக்கு வகுப்பில் உட்காரும் எவருக்கும் அது புரியும். அவர் ஊர் திரும்பவில்லை. 1588-ல் கோவாவில் இறந்துபோனார்.

யோசித்துப் பார்த்தால், அவருக்கு அந்த ஒற்றுமை கண்ணில் பட்டதற்கே அவர் நடுப்படியில் நின்றதுதான் காரணம் என்று தோன்றுகிறது. ஒன்றுமே தெரியாதவனுக்கு எல்லாம் வெறும் சத்தம். முழுக்கத் தெரிந்தவனுக்குச் சொல் காதில் விழுந்ததும் அர்த்தமாகிவிடும், சொல்லை நின்று பார்க்கமாட்டான். பாதி தெரிந்தவன்தான் ஒவ்வொரு சொல்லையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.

நூறு வருஷத்துக்குள் அதே கொச்சியில் இன்னொரு கதை. டச்சுத் தளபதி வான் ரீடு மலபாரின் செடிகொடிகளைத் தொகுக்க ஆரம்பித்தார். அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர்களில் ஒருவர் நேப்பிள்ஸ் பக்கத்துக் கர்மலீத்தத் துறவியான மத்தேயு. மூலிகை ரகசியம் சொன்னவர் சேர்த்தலைக்காரரான இட்டி அச்சுதன் வைத்தியர். கூடவே ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்கள். அவர்கள் சொன்னதை மலையாளத்திலிருந்து போர்ச்சுகீசியத்துக்குக் கொண்டுபோனவர், கொச்சியிலேயே பிறந்த இம்மானுவேல் கார்னெய்ரோ என்ற துபாஷி. அங்கிருந்து வேறு ஆட்கள் லத்தீனுக்கு மாற்றினார்கள். 1678-லிருந்து 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' இதுதான். படங்களில் ஒரே செடியின் பெயர் லத்தீன், மலையாளம், அரபு, நாகரி என்று பல எழுத்துகளில் இருக்கும்.

இந்தச் சங்கிலியைக் கவனியுங்கள். வைத்தியருக்கு லத்தீன் தெரியாது. லத்தீன் எழுதியவருக்கு மலையாளம் தெரியாது. எல்லா மொழியும் முழுசாகத் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லாமல் அந்தக் காலத்தின் பெரிய தாவர நூல் ஒன்று எழுந்து நின்றிருக்கிறது. ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. நடுவில் நின்ற துபாஷியை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. 1675 ஏப்ரலில் எழுதிய ஒரு சான்றுரை புத்தகத்திலேயே அச்சானதால் கார்னெய்ரோவின் பெயர் தப்பியது. இல்லாவிட்டால் அதுவும் போயிருக்கும்.

என் தாத்தா மட்டாஞ்சேரியில் ஒரு குஜராத்தி சேட்டின் மிளகுக் கிடங்கில் கணக்கு எழுதினவர். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், சேட்டிடம் குஜராத்தி எண்கள், பக்கத்து வீட்டுக் கொங்கணி மாமியிடம் அவர்கள் பாஷையில் குசலம். எதிலும் அவர் பண்டிதர் இல்லை. தமிழிலேயே மலையாள வாடை அடிக்கும். திருநெல்வேலிச் சொந்தங்கள் கேலி செய்வார்கள். ஆனால் சரக்கு எடை தப்பியதில்லை, அக்கம்பக்கத்து விசேஷம் ஒன்றிலும் அவர் இல்லாமல் பந்தி நடந்ததில்லை.

அரைகுறையே போதும், மேலே ஏறவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏறியவர்கள் உண்டு. 1680-ல் பிறந்த இத்தாலியர் ஜோசப் பெஸ்கி, 1710-ல் முப்பது வயதில் இந்தியா வந்து, வீரமாமுனிவராகித் தேம்பாவணி பாடினார், 1732-ல் சதுரகராதி தொகுத்தார். கொடுந்தமிழுக்குத் தனி இலக்கணம், செந்தமிழுக்குத் தனி இலக்கணம் என்று எழுதினார். தெருத் தமிழும் ஏட்டுத் தமிழும் இரண்டு தனிப் படிப்பு என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. சஸ்ஸெத்திக்குக் கிடைத்தது ஐந்து வருஷம். பெஸ்கிக்குக் கிடைத்தது முப்பத்தைந்துக்கு மேல். புத்தியில் ஒருவருக்கொருவர் இளைத்தவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. காலமும் தேவையும்தான் வேறு.

இதையெல்லாம் இங்கே எழுத ஒரு காரணம் உண்டு. நம் வீடுகளில் இரண்டு அரைகுறைகள் ஒன்றாகச் சாப்பிட உட்காருகின்றன. நம்முடைய இத்தாலியமோ ஜெர்மனோ ஆங்கிலமோ ஒன்று, பிள்ளைகளின் தமிழ் இன்னொன்று. என் மகள் என் கொன்ஜுன்தீவோவைத் திருத்துகிறாள் (நம் "வந்தால்", "இருக்கட்டும்" மாதிரி வினைச்சொல் வாலை மாற்றும் சமாச்சாரம்). எனக்குக் கோபம் வருவதில்லை. ஆனால் அவள் பாட்டியிடம் போனில் "நான் சாப்பாடு ஆச்சு" என்றால் அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு எழுகிறது, இந்தப் பக்கம் போன் என் கைக்கு வந்துவிடுகிறது. இப்படி இரண்டு மூன்று தடவை நடந்தால் அந்தக் குழந்தை தமிழைக் கீழே வைத்துவிடும். முழுசாகத் தெரிந்தால்தான் வாயைத் திறக்கவேண்டும் என்று யாராவது சட்டம் போட்டிருந்தால் மட்டாஞ்சேரியில் ஒரு மூட்டை மிளகு விற்றிருக்காது.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன், இனிமேல் சிரிக்கவேண்டாம், பதிலுக்கு இன்னொரு கேள்வி கேளுங்கள் என்று. "சாப்பாடு ஆச்சா? என்ன சாப்பிட்டே?" என்று கேட்டால் குழந்தை இன்னும் இரண்டு வாக்கியம் பேசியாகவேண்டும் இல்லையா? போன வாரம் பேச்சு பதினோரு நிமிஷம் போனது. உங்கள் வீட்டில் எப்படி என்று சொல்லுங்கள். யாழ்ப்பாணத்து அக்காவுக்கு ஜூனில் பரீட்சை. எழுத்துப் பகுதிக்கு நானும் அவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து உட்காருகிறோம். எனக்குப் பேச்சு அவர் சொல்லித் தருகிறார்.